மூன்று படிக்குப் பதினெட்டு அடி

முட்டி ஒழுங்காக மடங்கி நீளுகிறவர்கள் இதைப் படிக்காமல் அடுத்த பக்கம் போய்விடலாம். இது நம் கூட்டத்துக்காக எழுதுவது. ஒரு வீட்டு வாசலைப் பார்த்தால் எத்தனை படி என்று முதலில் எண்ணி, கைப்பிடி எந்தப் பக்கம் என்று தேடி, அதற்கப்புறம்தான் அது யார் வீடு என்று விசாரிக்கிறவர்களுக்காக.

போன மாதம் பென்சன் வேலையாகத் திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வலது முட்டியில் கத்தி வைத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்ததால் சக்கர நாற்காலியில் போனேன். மகள் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் ஐந்து படி. பக்கத்திலேயே சாய்தளம் ஒன்று, மஞ்சள் கோடு போட்டு, சக்கர நாற்காலிப் படமும் வரைந்து, பார்க்க லட்சணமாக இருந்தது. அதன் நடுவில் நான்கு குரோட்டன்ஸ் தொட்டிகள். இரண்டு முனையிலும் சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

"ஏன் தம்பி பூட்டியிருக்கு?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"தொறந்து போட்டா பைக்கை ஏத்திருறாய்ங்கம்மா. அதான்."

"சாவி எங்க?"

"சாவி வச்சிருக்கவரு டீ குடிக்கப் போயிருக்காரு. நீங்க எதுக்குப் பாட்டி கவலப்படுறீங்க? நாங்க நாலு பேரு இருக்கோம். அலாக்காத் தூக்கிருவோம்."

அம்மாவாக இருந்தவள் இரண்டு வாக்கியத்துக்குள் பாட்டியாகிவிட்டதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு போகும் நாள் வரும்போது வரட்டும், அதற்கு இப்போது என்ன அவசரம்? ஆனால் அந்த நாலு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக என்னை நோக்கி வந்தார்கள் பாருங்கள், அதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று ஒன்பது வயதாகிவிட்டது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் ஊரிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் பத்து வருடமாக ஐந்தாம் வகுப்பு டீச்சர். கணக்கில் புலி. நத்தம் ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, ஆறு மாதம் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இடுப்புக்கு மேலே அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. குரலில் துளிக்கூட இல்லை.

அத்தையோடு ஒரு சக்கர நாற்காலியும் வந்தது. இப்போது இருப்பதுபோல மடக்கிக் காரில் வைக்கும் சமாச்சாரம் அல்ல. இரும்பு. பச்சை ரெக்சின். வெயிலில் செத்த நேரம் நின்றால் ரெக்சினிலிருந்து புது செருப்புக் கடை வாசனை வரும். என் அப்பா புளி வியாபாரி, ஆகவே எங்கள் வீட்டில் எதிலிருந்தும் புளி வாசனையைத் தவிர வேறு வாசனை வந்ததில்லை. அதனால் எனக்கு அந்த நாற்காலி மேல் ஒரு மயக்கம்.

நாற்காலி வாசலோடு நின்றுவிட்டது. அதன் அகலம் இருபத்தாறு அங்குலம். எங்கள் வீட்டுக் கதவுகளுக்குள் இருந்த இடம் இருபத்தைந்து. அப்பா டேப்பைப் பிடித்து நாற்காலியை மூன்று தடவை அளந்தார், அளக்க அளக்க அது இளைத்துவிடும் என்பதைப்போல. கடைசியில் தச்சரைக் கூப்பிட்டு, நிலையை விட்டுவிட்டு கதவுகளை மட்டும் கழற்றச் சொன்னார். கதவின் கனம் போனதும் நாற்காலி உரசிக்கொண்டு நுழைந்தது.

கழற்றிய கதவுகளில் குளியலறைக் கதவும் ஒன்று. அம்மா தன் பழைய சேலையைத் திரையாகக் கட்டினாள். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிவதற்காகக் குளிக்கிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்பாவுக்குத் தெரிந்த பாட்டு கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றுதான். ஏப்ரல் மாதம் முழுக்க எங்கள் தெருவில் விடிகாலை ஐந்தரைக்குப் பாலகன் பிறந்துகொண்டே இருந்தார்.

மதுரையிலிருந்து ஒரு நர்ஸம்மா மூன்று நாள் வந்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாறுவது எப்படி என்று அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு ஒரு பலகை வேண்டும். இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், ஓரமெல்லாம் உருட்டியது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிச் சாய்வாக நிறுத்த வேண்டும். பிரேக் போட வேண்டும். பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் சொருகி, மறு முனையைக் கட்டிலில் வைத்து, இரண்டு கையையும் ஊன்றி, நகர வேண்டும். "தலை ஒரு பக்கம் போனா இடுப்பு மறுபக்கம் போகும் டீச்சர். போற எடத்தப் பாக்காதீங்க, எதிர்ப்பக்கம் குனிங்க" என்றார் நர்ஸம்மா. நாற்காலியின் இரண்டு பக்கக் கைப்பிடிகளும் இடைஞ்சலாக இருந்ததால் சைக்கிள் கடைக்காரர் வந்து ரம்பத்தால் அவற்றை அறுத்து எடுத்தார்.

தச்சர் கொடுத்த பலகை மாமரம். சொரசொரவென்று சேலையைப் பிடித்து இழுத்தது. மெழுகு தேய்த்தால் வழுக்கும் என்றார் நர்ஸம்மா. வீட்டில் இருந்த மெழுகு, கோயிலில் மந்திரித்து வாங்கி வைத்திருந்த மெழுகுதிரிகள்தான். மந்திரித்த மெழுகை உட்காரும் பலகையில் தேய்ப்பது பாவமா இல்லையா என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இரண்டு நாள் வழக்கு. முடிவில் அப்பா பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டார்.

"தாராளமாத் தேயுங்க" என்றாராம் சாமியார். "ரொம்பத் தேய்ச்சிராதீங்க, அம்புட்டுதான்."

சாமியார் பேச்சை யார் கேட்டார்கள்? முழுத் திரியையும் நான்தான் தேய்த்தேன். அன்று அத்தை கட்டிலிலிருந்து கிளம்பி, நாற்காலியில் நிற்காமல் அதையும் தாண்டி, அம்மா முறத்தில் காயவைத்திருந்த கூழ்வற்றல் மேல் போய் உட்கார்ந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அத்தை மட்டும் முறத்தில் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். விபத்துக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வழுக்கலைச் சரி செய்துவிட்டோம். கைகளைத்தான் சரி செய்ய முடியவில்லை. அத்தை பலகையை எடுத்தால் போதும், வீட்டில் உள்ள அத்தனை கையும் ஓடி வரும். அப்பா ஒரு கக்கத்தைப் பிடிப்பார், பெரியப்பா இன்னொன்றை, அம்மா காலை. மூன்று பேரும் மூன்று திசையில் இழுப்பார்கள். "கைய எடுங்கண்ணே, நானே வாரேன்" என்று அத்தை கத்துவது யார் காதிலும் விழாது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏடி, யாராவது என்னைத் தொட வந்தா 'கை!'ன்னு ஒரு சத்தம் போடு" என்றாள். பெரியவர்களை அதட்டுவதற்கு அனுமதி கிடைத்தால் ஒன்பது வயதுக்காரி விடுவாளா? "கை!" "கை!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவில் போகிறவர்கள்கூடக் கையை மடக்கிக்கொண்டார்கள்.

இந்தப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்குத் திருவிழாவில் சப்பரம் தூக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். புனிதர் சொரூபத்தை வைத்த சப்பரத்தை மூங்கில் வாரையில் கட்டித் தோளில் சுமந்து வருவார்கள். அவர் "ஏலே, தோள் குடு!" என்றால் பதினாறு தோள் ஒன்றாக உயரும். தூக்க முடியாத பொருள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவர் நம்பவில்லை. வீட்டு வாசலில் இரண்டு படிக்கு அப்பா புளி மூட்டை ஏற்றும் லாரிப் பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். முதலில் அத்தைக்குப் பதிலாக நாற்காலியில் ஒரு புளி மூட்டையை உட்காரவைத்தார்கள். மூட்டை பலகையில் இறங்கி, தெருவைக் கடந்து, எதிரில் இருந்த முடிவெட்டும் கடைக்குள் நேராகப் போய் நின்றது. கடைக்காரர் கத்திரியை நிறுத்தாமல், "முன்னால ரெண்டு பேரு இருக்காக, செத்த உக்காரச் சொல்லுங்க" என்றார். "இதுக்குத்தான் சொன்னேன், தூக்கிருவோம்னு" என்றார் பெரியப்பா. அன்றிலிருந்து வாசலில் தூக்குதான்.

மே மாதம் திருவிழா வந்தது. பூசைக்குப் போக வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டாள். கோயிலுக்கு ஏழு படி. பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? சப்பரத்துக்கு வைத்திருந்த மூங்கில் வாரை இரண்டை நாற்காலிக்கு அடியில் கொடுத்துக் கயிற்றால் கட்டிவிட்டார். "ஏலே, தோள் குடு!" என்றார். அத்தை "அண்ணே, வேணாம்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆறடி உயரத்தில் இருந்தாள்.

ஓரமாக நின்ற பேண்டு செட்காரர்கள் வாரை உயர்ந்ததைப் பார்த்தார்கள். வாரை உயர்ந்தால் வாசிக்க வேண்டும், அதுதான் அவர்களுக்குத் தெரியும். வாசித்தார்கள். வாசித்ததும் கூட்டம் திரும்பியது. சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் எறிவது எங்கள் பக்கத்து வேண்டுதல். பின்னால் நின்றவர்களுக்கு என்ன தெரியும்? தலைகளுக்கு மேலே ஓர் உருவம் ஆடி ஆடி வருகிறது. எறிந்தார்கள். எரியோட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அத்தையின் காலைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, மகளுக்கு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று மன்றாடினார். புனிதர் மிளகு நெடியில் அடுக்கடுக்காகத் தும்மினார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஏனென்றால் மேலே அத்தை அழுதுகொண்டிருந்தாள். மிளகால் என்று நினைத்தேன்.

படியின் உச்சியில் அத்தையின் பள்ளித் தலைமையாசிரியை, நாங்கள் எச்.எம். சிஸ்டர் என்று கூப்பிடும் கன்னியாஸ்திரீ, நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், உங்க இடத்தை ஏழு மாசமா அப்படியே வச்சிருக்கேன். ஆனா தினம் நாலு தடவை நாலு ஆம்பளைங்க பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து உங்களைத் தூக்கி இறக்குறதுன்னா, மேல இருக்கவங்க ஒத்துக்க மாட்டாங்க. பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு, ரெண்டாவது மணி அடிக்கும்போது, ஆம்பளை கை படாம நீங்க உங்க வகுப்புல உங்க நாற்காலில இருக்கணும். இல்லைன்னா வேற டீச்சரைப் போட்டுருவாங்க."

சிஸ்டர் போனதும் அப்பா, "போனாப் போகுது தாயி. நாங்க இல்லையா? உக்கார வச்சு சோறு போட மாட்டோமா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அத்தை அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை சாக்பீஸ் கேட்டாள். தரையில் ஒரு முக்கோணம் போட்டாள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். பள்ளி வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம். அப்படியானால் பதினெட்டு அடி. இதை அப்பா போய்க் கொத்தனாரிடம் சொன்னார். கொத்தனார், டீச்சர் ஏதோ வருத்தத்தில் கணக்குத் தப்பிவிட்டார் என்று பெருந்தன்மையாக நினைத்து, ஐந்தடியில் ஒரு சாய்தளம் கட்டி முடித்துவிட்டு வந்து நின்றார்.

அத்தை போய்ப் பார்த்தாள், கூடவே நானும் பெரியப்பாவும். "பதினெட்டு அடின்னுல்ல சொல்லிவிட்டேன்?"

"மூணு படிக்குப் பதினெட்டு அடியா? நீங்க என்ன டீச்சர், ரயிலையா ஏத்தப் போறீங்க?"

அத்தை சக்கரத்தைத் திருப்பினாள். பள்ளி மரத்தடியில் கிடந்த சிமெண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினாள். பிரேக். பலகை. தலை அந்தப் பக்கம், இடுப்பு இந்தப் பக்கம். பெஞ்சுக்கு மாறிவிட்டாள். காலியான நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க கொத்தனாரே. காலைத் தரையில ஊனக் கூடாது. ஏறிக் காட்டுங்க" என்றாள்.

கொத்தனாருக்கு நல்ல புஜம். பாதிவரை ஏறினார். அங்கே கொஞ்சம் மூச்சு வாங்க நினைத்தார். அவர் மூச்சு வாங்கினாரே ஒழிய சக்கரம் வாங்கவில்லை, பின்னால் வந்தது. "ஏலே பிடிங்கடா!" என்ற கூக்குரலோடு அவர் பின்பக்கமாகவே வந்து சிஸ்டரின் செவ்வந்திப் பாத்திக்குள் இறங்கினார். பெரியப்பா பிடிக்க ஓடினார். நான் பழக்க தோஷத்தில் "கை!" என்றேன், அவரும் பழக்க தோஷத்தில் நின்றுவிட்டார்.

பாத்தியிலிருந்து எழுந்து தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு கொத்தனார் சொன்னது ஒரே வாக்கியம். "பதினெட்டு அடிக்கே போட்டுருவோம் டீச்சர்."

சப்பரம் தூக்கிய அதே ஆட்கள் ஜல்லியும் மணலும் சுமந்தார்கள். பெரியப்பா முன்னால் நின்று சுமந்தார். அன்றைக்குக் கோயில் வாசலில் நடந்ததற்கு அவர் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, ஆனால் அந்தத் தளத்துக்குப் பத்து நாளும் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றியது அவர்தான். பள்ளி திறப்பதற்கு முந்திய இரண்டு நாளும் அத்தை ஏறி இறங்கிப் பழகினாள். உள்ளங்கை தோல் உரிந்தது. அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டாள்.

திறக்கும் நாள் வந்தது. அப்பா, பெரியப்பா, கொத்தனார், சப்பரக்காரர்கள் எல்லோரும் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நான் உள்ளே. அந்த வருடம் ஐந்தாம் வகுப்பு, அத்தையின் வகுப்பு. முதல் மணி அடித்ததும் அத்தை சாய்தளத்தில் ஏறத் தொடங்கினாள். பாதியில் நின்றாள், மூச்சு வாங்கினாள், சக்கரம் நின்ற இடத்திலேயே நின்றது. கேட்டுக்கு வெளியே கொத்தனார் கையைத் தட்டினார். மீதியும் ஏறி, வராந்தாவில் திரும்பி, வகுப்பு வாசலுக்கு வந்தாள்.

'டங்' என்றது.

நாற்காலி வாசலில் இடித்து மாட்டிக்கொண்டது. இரட்டைக் கதவில் ஒன்றுதான் திறந்திருந்தது. மற்றதன் தாழ்ப்பாள் எந்தக் காலத்திலோ துருப்பிடித்து, அதன் மேல் மூன்று தடவை பெயிண்டும் அடித்து, சுவரோடு சுவராகிவிட்டிருந்தது. விடுமுறை முழுக்க வகுப்பறை பூட்டியே கிடந்ததால் யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. வீட்டில் ஒவ்வொரு கதவையும் அளந்து கழற்றி, குளியலறையில் பாடிக் குளித்த குடும்பம் நாங்கள்! ஒருவருக்கும் இந்தக் கதவு நினைவுக்கு வரவில்லை. அத்தைக்கும்தான். பத்து வருடம் நடந்து நுழைந்த கதவு, அதன் அகலத்தை யார் அளந்து வைத்தார்கள்?

அத்தை முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வராந்தாக் கோடியில் மணியடிக்கும் ஆயா கட்டையோடு நின்றாள். பக்கத்தில் எச்.எம். சிஸ்டர். கேட்டில் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, தோள்..." என்று அவர் தொடங்கிக் கேட்டைத் தள்ளியது எங்களுக்குக் கேட்டது.

"கை!" என்று கத்தினேன். இந்தத் தடவை விளையாட்டில்லை. தொண்டை கிழிந்துவிட்டது. பெரியப்பா தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார்.

அத்தை நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "கடைசி பெஞ்சை இழுத்துட்டு வாங்கடி" என்றாள்.

இழுத்து வந்தோம். ஒரு முனை வாசலுக்கு வெளியே நாற்காலியை ஒட்டியும், மறுமுனை உள்ளே டீச்சர் நாற்காலியை நோக்கியும் போட்டோம். பிரேக். பலகை. தலை அந்தப் பக்கம், இடுப்பு இந்தப் பக்கம். பெஞ்சுக்கு வந்துவிட்டாள். உணர்ச்சியில்லாத கால்களைக் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, கையை ஊன்றி, ஒரு நகர்வு. இன்னொரு நகர்வு. எங்களில் யாரோ "மூணு" என்று எண்ணினாள். அப்புறம் வகுப்பே எண்ணியது. நாலு. அஞ்சு. ஆறில் செத்த நேரம் நின்றாள். ஏழு. எட்டு. பெஞ்சின் முனை. மறுபடி பலகை. நான் அன்று காலை பதற்றத்தில் அதில் மெழுகைக் கொஞ்சம் அதிகமாகத்தான் தேய்த்திருந்தேன். அத்தை சர்ரென்று நாற்காலிக்கு வந்து, மேசையில் இடித்து, மைப்புட்டியை உருட்டி, நின்றாள்.

மணி அடித்தது.

அந்தக் காலத்தில் எனக்கு அந்த சிஸ்டர்தான் வில்லி. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு மணிக்கும் நடுவில் ஐந்து நிமிடம்தான். அத்தை சாய்தளம் ஏறவே நான்கு நிமிடம் ஆனது. அந்த எட்டு நகர்வும் எந்த நிமிடத்தில் நடந்தது? ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு யார் நின்றிருப்பார்கள்?

டீச்சர் வகுப்புக்குள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் அல்லவா? நாற்பது பேரும் நின்றுகொண்டிருந்தோம். அத்தை சேலையைச் சரிசெய்து, மூச்சை அடக்கி, எங்களை ஒரு சுற்று பார்த்தாள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே அந்தக் கதவைக் கழற்றிவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க எங்கள் வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு ஒரு நாயும் பெருக்கல் வாய்பாடு கேட்டது. அதன்பின் இருபத்தைந்து வருடம் அத்தை அங்கே பாடம் நடத்தி ஓய்வு பெற்றாள். பலகைதான் எங்கே போனதென்று தெரியவில்லை. நாங்கள் வீடு மாறியபோது மாவுப் பானைக்கு மூடியாகக் கிடந்தது, அதோடு சரி. அத்தையும் இப்போது இல்லை. முட்டியில் கத்தி வைத்த இந்த ஆறு வாரமும் அவளிடம் கேட்க எனக்கு எத்தனையோ இருந்தது.

அலுவலக வாசலில் விட்டுவந்தேனே, அந்த நாலு தம்பிகளும் என் நாற்காலியைச் சுற்றி வந்து ஆளுக்கொரு மூலையாகக் குனிந்துவிட்டார்கள். என் மகள்கூட, "தூக்கட்டுமேம்மா, ஆசையாத்தானே வாராங்க" என்றாள். ஆசையாகத்தான் வந்தார்கள். பெரியப்பாவும் ஆசையாகத்தான் வந்தார்.

"கை!" என்றேன்.

அலுவலகத்துக்குள் கவுண்டரில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நாலு பேரும் நிமிர்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"தம்பி, நீ போய் டீக்கடையில சாவிய வாங்கிட்டு வா" என்றேன் காவலாளியிடம். "நீங்க மூணு பேரும் ஏதாவது தூக்கியே ஆகணும்னா, அந்தத் தொட்டிகளைத் தூக்குங்க."